சோபாவுல இருந்தபடி மான் அடிக்கிறது எப்படி

மாப்ளே, நீ வேட்டை வீடியோவே கதின்னு கிடக்குறன்னு என் மக குறைப்படுறா. நான் குறை சொல்ல மாட்டேன். பாரு, நல்லாப் பாரு. விஸ்கான்சின் குளிருல, நவம்பர் மாசம் விடியுறதுக்கு முன்னாடி மரத்து மேல ஏறி மூக்கை உறிஞ்சிக்கிட்டு உட்காருறதுக்கு, ஹீட்டர் போட்ட வீட்டுல சாஞ்சு முறுக்கைக் கடிச்சுக்கிட்டு, அடுத்தவன் மான் அடிக்கிறதப் பாக்குறது எவ்வளவோ மேல். கையில ரத்தம் ஒட்டாது. தோலுரிக்கிற வேலை கிடையாது. மானுக்கும் ஷேமம். இங்கிட்டு இருக்கிற வெள்ளைவால் மான் பூராத்துக்கும் ஓட்டுரிமை கொடுத்தா, உன்னைத்தான் கவர்னராக்கும்.

ஆனா நீ பாக்குறதோட நிக்கலையே. வகுப்புக்குப் போயி சர்டிபிகேட் வாங்கிட்ட, லைசென்ஸ் வாங்கிட்ட, துப்பாக்கி பாத்துட்டு வந்துட்ட. அதனால மாமன் நாலு வார்த்தை சொல்லியாகணும்.

சட்டையில இருந்து ஆரம்பிப்போம். இலையும் மரப்பட்டையும் அச்சடிச்ச ஜாக்கெட்டு ஒன்னு பெட்டியில வந்து இறங்குச்சே, அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிப் பாத்தியே. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா இந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்லுது? மான் துப்பாக்கி சீசன்ல இடுப்புக்கு மேல போடுற உடுப்புல பாதிக்குக் குறையாம கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம் இருக்கணும். தொப்பி போட்டா தொப்பிக்கும் அதே கணக்குதான். 2016-ல இருந்து பளீர் ரோஸ் கலரும் செல்லும்னு சேத்திருக்காங்க. ஆக, நீ அம்புட்டுக் காசு குடுத்து வாங்குன இலைக்கு மேல ஒரு ஆரஞ்சுப் பையை மாட்டிக்கிட்டுத்தான் காட்டுக்குள்ள போகணும்.

அந்த ஆரஞ்சைப் பாத்து மான் ஓடிருமேன்னு நீ விசனப்பட வேண்டாம். மான் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கல்தான். நீலம்தான் அதுக்குப் பளிச்சுன்னு தெரியும். இலை ஜாக்கெட்டுக்குக் கீழ போட்டுக்கிட்டுப் போறதா எடுத்து வச்சிருக்கியே ஒரு ஜீன்ஸ், அது என்ன கலரு மாப்ளே?

கண்ணை விடு. மானுக்கு மூக்குதான் எல்லாம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம ஏறுன பரண் வீண் பரண். வீடியோவுல அந்த ஆளு சின்னக் குப்பியில இருந்து பொடியைப் பீய்ச்சி விட்டு, அது மிதந்து போற திக்கைப் பாக்குறான் பாரு, அந்த இடத்தை நீ தள்ளிவிட்டுட்டுப் போற. கொம்பன் வர்ற இடத்துக்குத்தான் உனக்கு அவசரம். நம்ம வீட்டுச் சாம்பாருக்கு என் மக போடுற பெருங்காயத்துக்கு, காத்து மட்டும் தோதா அடிச்சா, மூணு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மானும் இடம் மாத்திப் படுக்கும்.

இந்தப் படங்களை யாரு எடுக்குறான்னு யோசிச்சியா? யூடியூப்பு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, வீடியோ கேசட்டு காலத்துலயே இது தொடங்கியாச்சு. மிசிசிப்பிக்காரர் வில் பிரைமோஸ் வான்கோழியைக் கூப்பிடுற கருவி செஞ்சு வித்தவரு. அவரோட படத் தொடருக்குப் பேரு ‘தி ட்ரூத்’. இலை அச்சு விக்கிற ரியல்ட்ரீ கம்பெனிக்கு ‘மான்ஸ்டர் பக்ஸ்’னு ஒரு தொடர். சாமான் விக்கிறவன் படம் எடுத்தா, சாமான் தோக்குற மாதிரியா எடுப்பான்? அவன் ஊதுனா வான்கோழி வருது, அவன் கொம்பைக் கொம்போட மோதுனா கடா மான் சண்டைக்கு வருது. வராத அன்னைக்கு எடுத்ததெல்லாம் வெட்டுற மேசைக்கு அடியில கிடக்கும்.

இன்னொரு கமுக்கத்தையும் சொல்லுறேன். வில்லு நாணை இழுக்குற கை கிட்டத்துல தெரியுது, விரலு நடுங்குது, கண்ணு சுருங்குதுன்னு நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாக்குறியே, அது பெரும்பாலும் மான் விழுந்த பிறகு திரும்ப நடிச்சுக் காட்டுனது. கொஞ்சம் யோசி. கேமராக்காரன் அவன் தலைக்கு மேல இன்னொரு பரண்ல இருக்கான். மான் கீழ நிக்கயில அவன் இறங்கி வந்து எதிர்ல நின்னுக்கிட்டு, ‘அண்ணே, கையைக் கொஞ்சம் திருப்புங்க’ன்னா கேப்பான்?

சோளக்காட்டுல காட்டுப்பன்னிக்குக் காவல் இருந்தவன் நான். பன்னி வந்த ராத்திரியை விட வராத ராத்திரிதான் கூட. கால் மரத்துப் போகும், கொசு பிடுங்கும், எதுவும் நடக்காது. அந்த ராத்திரியைப் படம் எடுத்தா எவன் பாப்பான்? அதனாலதான் ஒரு வாரம் உட்காந்ததை இருபது நிமிஷமா நறுக்கி உனக்குத் தாரான். நீ அந்த இருபது நிமிஷத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டுற. மரத்துல ஏறி உட்காந்து அரை மணி நேரத்துல நீ செல்லை எடுப்ப, அந்த அசைவைக் கொம்பன் எங்கிருந்தோ பாத்துட்டு வந்த வழியே போகும். இப்ப ‘தி ஹன்டிங் பப்ளிக்’ மாதிரி சில பையங்க பொதுக் காட்டுல போயி, தவற விட்டதையும் மான் உஷாராகி ஓடுனதையும் சேத்தே காட்டுறாங்க. அதைப் பாரு. ஜெயிச்சவன் வீடியோவுல கைதட்டுதான் கிடைக்கும், தோத்தவன் வீடியோவுலதான் வேலை கத்துக்கலாம்.

இம்புட்டு ஏசுறேனேன்னு வீடியோவைத் தூக்கிப் போட்டுறாத. அதுல ஒரு சங்கதி இருக்கு, அது வேற எங்கயும் கிடைக்காது. இந்த ஊர்ப் பையனுக்கு அவன் அப்பன் கூடவே மரத்தடியில உட்காந்து சொல்லிக் குடுப்பான். உங்கப்பா தபாலாபீசுல முத்திரை குத்துனவரு. அவரு என்ன சொல்லிக் குடுப்பாரு? உனக்கு அப்பன் அந்தப் பெட்டிதான்.

அம்பு படுற இடத்தை மெதுவா ஓட்டிக் காட்டுவான் பாரு, அங்க நிறுத்து. அம்போட வால் நுனியில பச்சை விளக்கு ஒன்னு மினுங்கும். அது எங்க போயி மறையுதுன்னு பாரு. முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால விலாவுல மறைஞ்சா நல்ல அடி. மானு பக்கவாட்டுல நிக்கணும். இல்லாட்டி கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும். நேருக்கு நேரா உன்னைப் பாத்து நின்னா கையைக் கட்டிக்கிட்டு இரு. அடி பட்டதும் அது என்ன செய்யுதுன்னு பாரு. பின்னங்காலை ரெண்டையும் உதைச்சுக்கிட்டுப் பாய்ஞ்சா அனேகமா நெஞ்சுப் பக்கம் பட்டிருக்கு. முதுகைக் கூனிக்கிட்டு, தயங்கித் தயங்கி நடந்தா குடல். பிறகு ரத்தத்தைப் பாரு: நுரையோட இளஞ்சிவப்பா இருந்தா நுரையீரல், கருஞ்சிவப்பா இருந்தா ஈரல், பச்சையும் நாத்தமுமா இருந்தா வயிறு. வயித்துல பட்டதுன்னு தெரிஞ்சா விவரமுள்ளவன் ஒருத்தனும் பின்னாலயே ஓட மாட்டான். அம்பை எடுத்து மோந்து பாத்துட்டு, சத்தம் போடாம இறங்கி, வீட்டுக்குப் போயி எட்டு மணி நேரம் கழிச்சுத்தான் வருவான். அதுவரைக்கும் அது கிட்டத்துலயே படுத்துக் கிடக்கும். ஆத்திரப்பட்டு விரட்டுனா அடுத்த கவுண்டிக்குப் போயி, யாருக்கும் இல்லாம வீணாச் சாகும். இதை நேர்ல பாத்துக் கத்துக்கணும்னா எத்தனை மானைப் பாழாக்கணும்? பெட்டியில ஒரே மானைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கத்துக்கலாம். வீடியோவால மானுக்கு ஒரு புண்ணியம் உண்டுன்னா அது இதுதான்.

வான்கோழி கதை வேற. அதுக்கு மோப்பம் சொல்லிக்கிற மாதிரி கிடையாது, பெருங்காயத்தோட போகலாம். ஆனா கண்ணு இருக்கே! தலையோட ரெண்டு பக்கமும் கண்ணு, கிட்டத்தட்ட சுத்துப்புறம் பூராம் தெரியும், நிறமும் தெரியும். நீ மூக்கைச் சொறிஞ்சா முடிஞ்சுது. வசந்த கால சீசன்ல சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடம்புல காட்டக் கூடாதும்பாங்க. காட்டு வான்கோழிச் சேவலோட தலை அந்த மூணு நிறத்துலதான் இருக்கும். புதருக்குள்ள உன் கைக்குட்டையைப் பாத்து எவனாச்சும் சேவல்னு நினைச்சுட்டா வம்பு. ஜூலை 4-க்கு வாங்குனியே அமெரிக்கக் கொடி போட்ட பனியனு, அந்த தேசப்பற்றை வீட்டுலயே வச்சுட்டுப் போ.

கூப்பிடுறதுக்கு மூணு சாமான். பலகைப் பெட்டி மேல மூடியைத் தேய்க்கிறது, சிலேட்டு வட்டத்துல குச்சியை உரசுறது, அண்ணத்துல ஒட்டி ஊதுற குதிரைலாட ரப்பரு. மூணாவது உன் வாயில இருக்கயில என் மக போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனா, ஞாபகம் இருக்கா? இதைப் புஸ்தகத்தைப் படிச்சுக் கத்துக்க முடியாது, காதால கேட்டுத்தான் கத்துக்கணும். அதுக்கு வீடியோவை அடிச்சுக்க ஆளில்ல. ஒன்னு மட்டும் சொல்லுறேன்: போட்டியில பரிசு வாங்குனவன் ஊதுற மாதிரி ஊதலையேன்னு நொந்துக்காத. காட்டுல நிசப் பொட்டைக்கோழி கத்துறது சில நேரம் உன் ஊதலை விட மோசமா இருக்கும். அதை நம்பி சேவல் வரத்தான் செய்யுது.

கஷ்டம் வேற இடத்துல இருக்கு. வான்கோழி இனத்துல சேவல் நின்ன இடத்துல நின்னு கொக்கரிக்கும், பொட்டைதான் தேடிக்கிட்டுப் போகும். நீ என்ன செய்யுற? பொட்டைக் குரல்ல கூப்பிட்டு, சேவலை உன்னைத் தேடி வரச் சொல்லுற. அது பாதி தூரம் வந்து, துப்பாக்கிக்கு எட்டாத இடத்துல நின்னு, தோகையை விரிச்சு, ரெக்கையைத் தரையில உரசிக்கிட்டு, ‘நான் வந்துட்டேன், மிச்சத்துக்கு நீ வா’ன்னு நிக்கும். அந்த நேரத்துல கூடுதலா ஊதுனவன் கெட்டான். சும்மா இருந்தா, அவ கோவிச்சுக்கிட்டாளோன்னு சில நேரம் எட்டிப் பாக்க வரும். வீடியோவுல அந்த ஆளு ஊதறதை நிறுத்துற இடத்தைக் குறிச்சு வச்சுக்க. மயிலைப் பாத்து வான்கோழி ஆடுச்சுன்னு நம்ம ஊருல கேலி பேசுவோம். இங்க மயிலே கிடையாது, அது பாட்டுக்குத் தன் பொண்டாட்டிக்காக ஆடுது. வீடியோவைப் பாத்து ஆடுறது யாருன்னு நான் சொல்லல.

பெஞ்சமின் பிராங்க்ளினே 1784-ல மகளுக்கு எழுதின கடுதாசியில, கழுகை விட வான்கோழி மரியாதைப்பட்ட பறவைன்னு சொல்லியிருக்காரு. கொஞ்சம் வீண் பெருமையும் அசட்டுத்தனமும் உண்டுன்னும் சேத்திருக்காரு. மாப்பிள்ளை வச்சிருக்கிற மாமனுக்கு அது நல்லாவே புரியும்.

இந்தப் பக்கத்துல வான்கோழி ஒருகாலத்துல பூண்டோட அத்துப் போச்சு. 1976-ல மிசூரிக்காரனுக்கு இங்கத்திக் காட்டுக் கௌதாரியைக் குடுத்துட்டு, அங்கிட்டிருந்து காட்டு வான்கோழியை வாங்கி வந்து வெர்னன் கவுண்டியில விட்டாங்க. பண்டமாத்து! அதுல இருந்து பெருகுனதுதான் இப்ப மாடிசன் நகரத் தெருவுல காரை மறிச்சு நிக்குது. நீ கீழறையில கதவைச் சாத்திக்கிட்டு டெக்சாஸ் வான்கோழியைப் பாத்துக்கிட்டு இருந்தியே, அன்னைக்கு நம்ம பின்பக்கப் புல்தரையில ஏழெட்டு நின்னு மேஞ்சுச்சு. கூப்பிடலாம்னு பாத்தேன், நீ பிசின்னு விட்டுட்டேன்.

பணம் எங்கிருந்து வந்துச்சுங்கிறதையும் வீடியோ சொல்லாது. 1937-ல ஒரு சட்டம் போட்டு, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி வச்சு, அதைக் காட்டுயிருக்குச் செலவு பண்ணுறாங்க. சுடுறவன் காசுலதான் மான் பெருகுது. பாக்குறவன் காசு விளம்பரக்காரனுக்குப் போகுது.

அப்புறம் தலை. மானை அடிச்சவன் கொம்பைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டுறதோட படம் முடியும். இந்த ஊரு மானுக்கு மூளையை அரிச்சு உருக்குலைக்கிற நோய் இருக்கு, 2002-ல இங்க கண்டுபிடிச்சாங்க. கறியை ஆக்குறதுக்கு முன்னாடி தலையைக் கொண்டு போயி அரசாங்கம் வச்சிருக்கிற பெட்டியில போட்டு, சோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நோய் இருக்குன்னு வந்தா குப்பைக்குத்தான். ஆட்டுக்கறிக் குழம்பு மாதிரி அன்னைக்கே வைக்கலாம்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கியே, அதை மாத்திச் சொல்லு.

கொம்பைப் பிடிச்ச போட்டோவை ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுறாத. நம்ம ஊருல 1972-ல இருந்து சட்டம் வேற. நீ போட்ட படத்தைப் பாத்துட்டு எவனாவது இளவட்டம் டார்ச்சுலைட்டோட மலையடிவாரத்துக்குக் கிளம்புனா, வனத்துறை ஜீப்பு உன்னைத் தேடி விஸ்கான்சினுக்கு வராது. நம்ம தெருவுக்கு வரும்.

கடைசியா ஒரு வீடியோ. அதுல பாட்டு கிடையாது, கொம்பன் கிடையாது, வயசாளி ஒருத்தரு நின்னுக்கிட்டு வார்ப்பட்டையைக் காட்டிப் பேசிக்கிட்டே இருக்காரு. பரண்ல ஏறுறவன் உடம்புல மாட்டுற பட்டை. வேட்டைக்குப் போயி கையைக் காலை முறிச்சுக்கிறவன்ல எத்தனையோ பேரு மரத்துல இருந்து விழுந்தவன்தான். தரையை விட்டுக் காலெடுத்ததுல இருந்து திரும்பத் தரையைத் தொடுற வரைக்கும் அந்தக் கயிறு மரத்தோட சேந்தே இருக்கணுங்கிறாரு. அதை மட்டும் வேகமா ஓட்டாம ரெண்டு தரம் பாரு. நீ விழுந்தா மகளுக்குப் பதில் சொல்லிருவேன். உங்கம்மா எனக்கு அக்கா. அவ வாயி உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.