பாராட்டத்தான் வேண்டும்

குடும்பக் கட்டுப்பாடு என்று வந்தால் தமிழ்நாட்டைப் பாராட்டாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. அரசே முன்னின்று இப்படியொரு திட்டத்தை நடத்துவது என்று 1952-இல் முடிவெடுத்த முதல் நாடு இந்தியா. கருத்தடை அறுவை செய்துகொள்கிறவர் கையில் காசு கொடுத்தால் கூட்டம் வரும் என்று 1950களின் பிற்பகுதியிலேயே கண்டுபிடித்து, அதைச் செய்தும் காட்டியது சென்னை அரசு. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். எந்த மேடையிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், சொல்கிறோம்.

மாலையை யார் கழுத்தில் போடுவது என்பதற்கும் அதே கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. 15 முதல் 49 வயதுக்குள் உள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் அறுவை செய்துகொண்டது 0.1 சதவீதம். நவீன கருத்தடை முறை ஏதாவது ஒன்றைக் கையாளும் தம்பதியர் நூறு ஜோடி என்றால், கிட்டத்தட்ட 88 வீடுகளில் அந்த முறை என்பது பெண்ணின் அடிவயிற்றில் ஒரு தழும்பு. ஆக, இந்தச் சாதனை ஏறக்குறைய முழுவதும் பெண்ணின் உடம்பில் நடந்தது. பிரசவமான கையோடு அறுவை, ஒரு வாரத்தில் வீடு, கொஞ்ச நாளில் களத்துமேடு. அத்தனை பெண்களும் தாங்கிக்கொண்டார்கள். முதல் பாராட்டு அவர்களுக்கு. ஒரு சொல்லும் குறைக்காமல் தருகிறேன்.

அடுத்தது நம் மருத்துவர்களின் கைகளுக்கு. தொப்புளுக்குக் கீழே விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு கீறல், கருக்குழாயை வளையமாக வெளியே எடுத்து, முடிச்சிட்டு, வெட்டி, உள்ளே விட்டுத் தையல். பழகிய கைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. இந்த ஒரு வேலைக்கு நாம் கொடுத்த பயிற்சியைப் போலச் செம்மையான பயிற்சி கிராமப்புற மருத்துவத்தில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. மேசை, விளக்கு, மயக்க மருந்து, ஆள், தேதி எல்லாம் தயாராக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கை கேட்க ஒருவர் இருப்பார்.

இந்த வேகத்தைப் பாராட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாடு ஒருமுறை பார்த்தது. சத்தீஸ்கரில் ஒரு மருத்துவர் 50,000 கருத்தடை அறுவைகள் செய்தார் என்பதற்காக 2014 தொடக்கத்தில் மாநில அரசு அவரைக் கௌரவித்தது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டிடத்தில் முகாம் நடந்தது. சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அவர் அறுவை செய்தார். ஒரு குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசின் சொந்த விதி. அந்த முகாமுக்கு வந்த 13 பெண்கள் இறந்துபோனார்கள். அங்கே கொடுத்த மாத்திரையில் கலப்படமா, கருவிகள் சுத்தமில்லாததா என்ற வழக்காடல் பிறகு நடந்தது. ஆனால் 50,000-க்கு விருது கொடுத்த கைகள் 83-ஐப் பார்த்து எப்படித் திடுக்கிட்டன என்பதை யாரும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்தானே. மூன்று ஆண்டுகளுக்குள் இந்த முகாம்களை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை நடந்ததை முன்வைத்துப் போடப்பட்ட வழக்கு அது.

தமிழ்நாட்டில் அப்படி நடக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நம் மேசைகள் சுத்தமானவை. நம் குறை மேசையில் இல்லை, மேசைக்கு முந்தைய பத்து வருடங்களில் இருக்கிறது. இருபது வயதில் கல்யாணமாகி, முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாலு வருடம் இடைவெளி வேண்டும் என்று நினைக்கிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? மாத்திரை, ஆணுறை, காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி. எல்லாம் இருக்கின்றன, எல்லாம் இலவசம். இவற்றைச் சொல்லிக் கொடுக்கவும், பொருத்தவும், வேண்டாம் என்றால் எடுக்கவும் தெரிந்த கை அவள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கைகளுக்குப் பயிற்சி தர அரசு பணம் ஒதுக்குகிறது, பயிற்சியும் நடக்கிறது. அதையும் பாராட்ட வேண்டும், ஏனென்றால் நடக்கும் இடத்தில் நன்றாகவே நடக்கிறது. காப்பர் டி பயிற்சி ஒன்றைக் கூடவே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேசைமேல் ரப்பரில் செய்த இடுப்பு மாதிரி. செவிலியர் ஒருவர் உறையைப் பாதி பிரித்து, உள்ளே இருக்கும் கருவியைக் கையால் தொடாமல் அதன் இரு கைகளையும் மடக்கிக் குழாய்க்குள் செருகினார். கருப்பையின் ஆழத்தை அளந்து, குழாயில் இருக்கும் நீல வளையத்தை அந்த அளவுக்கு நகர்த்தினார். உள்ளே கொண்டுபோன பிறகு பழக்கதோஷத்தில் கம்பியைத் தள்ளப் போனார். பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டார். "தள்ளாதம்மா. கம்பி அப்படியே நிக்கட்டும், வெளிக்குழாய மட்டும் பின்னால இழு. தள்ளினா கருப்பை பொத்துக்கும்." மறுபடி, மறுபடி. நாலாவது தடவை கை சொன்னபடி கேட்டது. அப்படிக் கற்ற கை ஒருபோதும் மறக்காது. அந்தப் பயிற்றுநரைப் பாராட்டுவதற்கு எனக்கு வார்த்தை போதாது.

அன்றைக்குப் பொருத்துவதற்குப் பல மணி நேரம் போனது. எடுப்பதற்கு? கடைசியில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பிறகு, ஒரு படம் காட்டினார்கள்: நூலைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். நூல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது? பிரசவத்தன்றே வைத்த காப்பர் டி-யில் நூல் உடனே கீழே தெரியாமல் இருப்பது சகஜம். அந்தக் கேள்வியை ஒரு செவிலியர் கேட்கவும் செய்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க" என்பது பதில். பெரிய ஆஸ்பத்திரி அவர் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, பாடமும் அந்தப் பக்கம் ஓடுகிறது. பிரசவத்துக்குப் பின் காப்பர் டி வைத்தால், வைத்தவருக்கு 150 ரூபாய் ஊக்கத்தொகை என்று தேசியத் திட்டத்தில் இருக்கிறது. எடுப்பதற்கு அப்படி ஒரு தொகை கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை வைத்தீர்கள் என்று கேட்பார்கள். எத்தனை பெண்கள் எடுக்கச் சொன்னார்கள், எத்தனை பேருக்கு எடுத்தீர்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கப்படாத வேலையை யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். "இப்ப எடுக்க முடியாது, ஆறு மாசம் போகட்டும்" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வச்சுக்காத, எடுக்க மாட்டாங்க." அந்த ஒரு வாக்கியம் ஒரு மாவட்டத்தின் பயிற்சி நிதி முழுவதையும் தின்றுவிடும்.

இது புதிதும் இல்லை. 1965-இல் லிப்பஸ் லூப் என்ற, கருப்பைக்குள் வைக்கும் கருவி நாடெங்கும் வந்தது. முதல் ஆண்டிலேயே லட்சக்கணக்கான பெண்களுக்குப் பொருத்தினார்கள். உதிரப்போக்கும் வலியுமாகத் திரும்பி வந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஊர் ஊராகப் பயம் பரவி, சில ஆண்டுகளில் லூப் திட்டம் படுத்துவிட்டது. கருவி முதலில் வரும், கை பின்னால் வரும். அந்தப் பழக்கத்தை அறுபது வருடமாக விடாமல் காப்பாற்றி வருகிறோம்.

அந்தரா ஊசியும் அப்படித்தான் வந்தது. 2017 வாக்கில் அரசு திட்டத்தில் சேர்ந்தது. ஊசி போடுவது செவிலியருக்குப் புதிய வேலையா என்ன? போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, அடுத்த தவணைத் தேதியை அட்டையில் எழுத வேண்டும் என்பதோடு சொல்லிக்கொடுப்பது முடிந்துவிட்டது. ஆனால் இந்த ஊசியில் கஷ்டம் ஊசியில் இல்லை. போட்ட பிறகு சிலருக்கு அடிக்கடி திட்டுத்திட்டாக ரத்தம் படும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். மருந்தின் இயல்பு அது, ஆபத்தில்லை. முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண் பயந்துபோவாள்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராம சுகாதார செவிலியர், மலையடிவாரத்தில் வேலை பார்க்கிறவர். இந்த ஊசி பற்றி அவருக்குக் கிடைத்தது ஒரு மாதாந்திரக் கூட்டத்தின் நடுவே கொஞ்ச நேரப் பேச்சும் ஒரு துண்டுப் பிரசுரமும். இரண்டாவது தவணைக்கு வர வேண்டிய பெண்கள் வரவில்லை என்றதும் வீடு வீடாகப் போனார். ஒரு மாமியார் சொன்னார்: "தூரம் நின்னுபோச்சு நர்சம்மா. கெட்ட ரத்தமெல்லாம் உள்ளயே தங்கிருச்சு, வயித்துல கட்டியா வந்துரும்." இதற்குப் பதில் பிரசுரத்தில் இல்லை. செல்பேசியில் தன் காசில் டேட்டா போட்டு, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டு, தானே ஒரு விளக்கம் உருவாக்கிக்கொண்டார்: "ரத்தம் தங்கலம்மா. இந்த மருந்து உள்ள ரத்தமே சேர விடாது. சேராதது எப்படித் தங்கும்?" அந்த மாமியார் யோசித்துவிட்டு, மருமகளைத் தானே அழைத்து வந்தார். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது சமவெளிக் கணக்கு, மலையில் 3,000. புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாளில் கர்ப்பிணிகள், பதிவேடுகள், இணையத்தில் பதிவேற்றம். அத்தனைக்கும் நடுவே, அரசு கற்றுத் தந்திருக்க வேண்டிய பாடத்தைத் தானே எழுதிக்கொண்ட பெண் இவர். இவரை எவ்வளவு புகழ்கிறேனோ அவ்வளவும் வேறொருவர் மேல் பழியாக விழுகிறது என்று தெரிந்தேதான் புகழ்கிறேன்.

இவர் ஏன் முறையான பயிற்சிக்குப் போகவில்லை? அழைப்பு வந்தது. மாவட்டத் தலைநகரில் பல நாள் தங்க வேண்டும். அவர் இல்லாத நாட்களில் அந்த ஊர்களைப் பார்க்க மாற்று ஆள் கிடையாது. வீட்டில் கைக்குழந்தை வேறு. போக வசதிப்பட்டவர், பெரும்பாலும் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், போய்வந்தார். சான்றிதழ் வாங்கினார். சில மாதத்தில் இடமாற்றமாகி, காப்பர் டி-க்கே வேலையில்லாத வார்டு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். பயிற்சி பெற்றவர் எண்ணிக்கையில் ஒன்று கூடியது, மலையடிவாரத்தில் ஒன்றும் கூடவில்லை. நிதி செலவானதற்கு ரசீதுகள் சரியாக இருக்கின்றன.

ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆணுக்கான அறுவை பெண்ணுக்கானதைவிடச் சிறியது, பாதுகாப்பானது. மரத்துப்போக ஓர் ஊசி, கத்தியில்லாமல் ஒரு சிறு துளை, தையல் கிடையாது, அன்றே வீடு. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை, அதுவரை ஆணுறை. ஆண்கள் வரமாட்டார்கள் என்பதும் உண்மையில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் சுமார் 63,000 ஆண்கள் செய்துகொண்டார்கள். 1976–77 நெருக்கடி நிலையில் நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடந்தது, அதில் வற்புறுத்தல் ஏராளம். அந்தக் கோபம் 1977 தேர்தலில் ஓர் ஆட்சி கவிழ்ந்ததற்கு ஒரு காரணமானது. அதன்பிறகு எந்த அரசும் ஆணின் பக்கம் அழுத்திப் பேசத் துணியவில்லை. சுமை முழுவதும் பெண்ணிடம் வந்தது. பெண்கள் எந்த ஆட்சியையும் கவிழ்க்கவில்லை. இந்தப் பொறுமையையும் பாராட்டுக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். நவம்பர் கடைசியில் ஆண்டுதோறும் ஆண்களுக்கான இருவாரம் கொண்டாடுகிறோம், பேனர் கட்டுகிறோம். மீதி ஐம்பது வாரம் ஒரு வட்டார மருத்துவமனையில் அந்த அறுவையைச் செய்யத் தெரிந்த மருத்துவர் பணியில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த மலையடிவாரச் செவிலியரின் பதிவேட்டை ஒருநாள் புரட்டினேன். அச்சடித்த கட்டங்களில் அறுவை, காப்பர் டி, மாத்திரை, ஊசி. ஓரத்தில் அவரே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்திருந்தார்: "எடுக்கச் சொன்னவர்கள்." அதற்குக் கீழே பெயர், தேதி, எங்கே அனுப்பினேன், எடுத்தார்களா. மேலதிகாரி யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். அடுத்த ஆண்டுப் பயிற்சி நிதியில் அந்தக் கட்டத்தை அச்சடிக்கப் பணம் வையுங்கள். பயிற்றுநர் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வந்து, அங்கே வரும் பெண்களை வைத்து, பொருத்தவும் எடுக்கவும் பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும். அந்த நாட்களுக்கு மாற்றுச் செவிலியருக்குச் சம்பளம் கொடுங்கள். ஊசி பற்றிய வகுப்பை, மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரிந்த அவரையே எடுக்கச் சொல்லி, மற்ற பயிற்றுநர்களுக்குத் தரும் அதே தொகையை அவருக்கும் கொடுங்கள்.