கட்-ஆஃப் முதலீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊரிலுள்ள சித்தப்பாக்கள் எல்லாம் முதலீட்டு ஆலோசகர்களாகிவிடுகிறார்கள். இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணக்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆக 200க்குப் பையன் எவ்வளவு என்று கேட்ட கையோடு, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதையும் சொல்லிவிடுவார்கள். (கல்விக் கடனுக்கு வட்டி யார் கட்டுவது என்பது மட்டும் பேச்சில் வராது.) சிவிலா? வேண்டாம். மெக்கானிக்கலா? ஐயோ பாவம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்; கிடைக்காவிட்டால் பெயரில் ‘டேட்டா’ என்றாவது ஒட்டியிருக்க வேண்டும்.

“சுந்தர் பிச்சையைப் பாருடா!” என்பது கடைசி அஸ்திரம். அவர் கரக்பூர் ஐஐடியில் படித்தது உலோகவியல் என்றேன்.

“அதான் சொல்றேன், அப்பவே கம்ப்யூட்டர் எடுத்திருந்தா இன்னும் நல்லா வந்திருப்பாரு” என்றார் சித்தப்பா.