ஜிலேபிக்குப் பலகை, பாக்கெட்டுக்கு நட்சத்திரம்

தொந்தி உங்களுடையது, ஆகவே குற்றமும் உங்களுடையதே. உடல்பருமன் பற்றி இந்திய அரசுக்கு இருக்கும் கொள்கை இவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்கச் சொன்னார். மோகன்லால், மாதவன் உட்படப் பத்துப் பிரபலங்களையும் களத்தில் இறக்கினார். அந்தப் பத்துப் பேரில் சிப்ஸ் கம்பெனி முதலாளி ஒருவரும் இல்லை. அவரைத் தொந்தரவு செய்யலாமா? பாவம், அவருக்கு ஆயிரம் வேலை!

அடுத்து, தின்பண்டங்களில் உள்ள எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகையை அலுவலகங்களில் வைக்கச் சொன்னது சுகாதார அமைச்சகம். "சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கையா?" என்று ஊரே பொங்கியது. அரசு பதறிக்கொண்டு விளக்கம் தந்தது: எந்த உணவிலும் எச்சரிக்கை லேபிள் ஒட்டச் சொல்லவில்லையாம். எங்கள் புகாரே அதுதானே ஐயா!

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் நெற்றியிலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் அது புரியும். பிள்ளைகளை மயக்கிய கெலாக்ஸ் கார்ட்டூன் புலியைக்கூட அங்கே டப்பாவிலிருந்து விரட்டிவிட்டார்கள்.

நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது. அதில் பாக்கெட்டுக்கு முத்திரை கிடையாது, நட்சத்திர மதிப்பீடுதான். எவ்வளவு கேடான பண்டமானாலும் அரை நட்சத்திரம் நிச்சயம். பூஜ்யம் என்ற பேச்சே இல்லை. கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் நார்ச்சத்து சேர்த்தால் சர்க்கரைக்கு விழுந்த கெட்ட மதிப்பெண் குறையும். ஊரை அடித்து உலையில் போட்டவன் கோயில் உண்டியலில் பத்து ரூபாய் போட்டுப் புண்ணியம் தேடுவதுபோல. அந்த வரைவும் சட்டமாகாமல் கிடந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்தது. ஜூலையில் மேலும் மூன்று மாதம் வாங்கிக்கொண்டார்கள். வந்து குவிந்த கருத்துகள் 14,000-க்கு மேலாம்; படிக்க வேண்டாமா?

"வாயைக் கட்டத் தெரியாதா?" என்று கேட்கும் உபதேசிகளுக்கு ஒரு தகவல். 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை உள்ளேயே தங்கவைத்துச் சோதித்தது. இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. பரிமாறிய சாப்பாட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒரே அளவு, வேண்டியமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு வைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள். இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். ஆளும் அதே ஆள், வாயும் அதே வாய். மாறியது தட்டில் விழுந்தது மட்டும்.

வரிக் கதையைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, இத்தகைய உணவுக்கு வரியைக் கூட்டுவது பற்றி யோசிக்கச் சொன்னது. யோசித்தார்கள். செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ் மீதான ஜிஎஸ்டியை 5 விழுக்காடாக இறக்கினார்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாதென 2020-லேயே விதி உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று, கடையில் தொங்கும் பாக்கெட் சரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அந்த விதி உயிரோடு இருக்கிறதா என்று.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நான்காவதில் இது முறையே 30.9, 28.2. இடைப்பட்ட சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கே மொத்தமாக மனக்கட்டுப்பாடு போய்விட்டதா?

சிகரெட் அட்டையில் புற்றுநோய்ப் படம் போடத் தெரிந்த அரசுக்கு, சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு கறுப்பு முத்திரை குத்தத் தெரியாதா? தெரியும். மனம்தான் இல்லை. முத்திரையைக் குத்துங்கள், அதுவரை எங்கள் தொந்தியைப் பற்றிப் பேச உங்களுக்கு யோக்கியதை கிடையாது.