செருப்பும் ஜன்னல் பிடியும்

யுபிவிசி ஜன்னலின் கைப்பிடி உடைந்துவிட்டது. கண்ணுக்கு அழகாக ஒன்றை வாங்கி மாட்டினால் போதாதா?

செருப்பை அப்படி வாங்குவதுண்டா?

பழைய பிடியைக் கழற்றினால் பின்னால் சதுரக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பிய வகையில் அதன் கனம் பெரும்பாலும் 7 மி.மீ.; திருகாணித் துளைகளுக்கு நடுவே 43 மி.மீ. இவை எளிதில் பொருந்திவிடும். காலை வாருவது கம்பியின் நீளம்தான். குட்டையானால் உள்ளே இருக்கும் பூட்டை எட்டாது, பிடி சும்மா சுற்றும். நீண்டால் சட்டத்தில் படியாது. ஆகவே பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குவதே நல்லது. வளைந்த பிடிகளில் இடது, வலது வேறு உண்டு, செருப்பைப் போலவே!

பல பிடிகள் உடைவது உள்ளே பூட்டு இறுகிப்போனதால். அதற்கு முதலில் எண்ணெய் விட வேண்டும். புதுப் பிடியை ஜன்னல் திறந்திருக்கும்போதே திருப்பிப் பார்த்துவிட வேண்டும்; மூடிய பிறகு சிக்கினால் திறப்பது பெரும்பாடு.