மாம்பழக் கலர் வகைப்பாடு

எங்கள் குடும்ப வரலாற்றில் ஓய்வொழிச்சலே இல்லாத நாள் 2005 ஜனவரி 1. அந்த ஒரே நாளில் குரோம்பேட்டை வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடத்தினோம், பையனுக்குக் காது குத்தினோம், கொடைக்கானல் ஏரியில் படகு விட்டோம், தஞ்சாவூர் பெரிய கோயில் நந்தியின் முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். எல்லாவற்றுக்கும் போட்டோ ஆதாரம் இருக்கிறது.

எங்கள் பழைய டிஜிட்டல் கேமராவில் பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரமும் ஆதியிலிருந்து தொடங்கும். பேட்டரி மாற்றியதும் தேதி கேட்கும். "ஓகே"யை அழுத்திவிட்டு "எல்லாரும் சிரிங்க" என்பது எங்கள் பரம்பரை வழக்கம். டிஜிட்டல் படங்களுக்குள் எக்ஸிஃப் என்றொரு குறிப்பு ஒளிந்திருக்கும்: எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல், போனில் இருப்பிடத்தை அனுமதித்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகைகூட. நாம் கேமராவிடம் சொன்ன பொய்யையும் அது பத்திரமாக வைத்திருக்கும்.

தேதியை நம்பிப் பயனில்லை, இனி எல்லாப் படத்துக்கும் டேக் போட்டு இணையத்தில் ஏற்றப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"அதுக்குப் பதிலா பரணை ஒழிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி. தொலைநோக்கு உள்ளவர்களுக்கு வீட்டில் ஆதரவு கிடைப்பது அபூர்வம்.

வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரினா ஃபேக்கும் 2004இல் தொடங்கிய ஃப்ளிக்கர்தான் படத்துக்கு டேக் போடும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. ஃபோல்டர் என்றால் ஒரு படத்தை ஓர் இடத்தில்தான் போட்டுவைக்க வேண்டும். டேக்கில் அந்தத் தகராறு இல்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் "அப்பா"விலும் இருக்கலாம், "திருக்கடையூர்"இலும் இருக்கலாம், "பந்தி"யிலும் இருக்கலாம். ஃப்ளிக்கரில் ஒரு படத்துக்கு 75 டேக் வரை இடம் உண்டு. எங்கள் உறவு வட்டாரத்துக்கு இது கட்டாது.

இப்படி ஆளாளுக்குத் தோன்றிய சொல்லை ஒட்டி வகைப்படுத்தும் முறைக்குத் தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004இல் "ஃபோக்ஸானமி" என்று பெயர் வைத்தார். எனக்கு இந்த ஜனநாயகம் பிடிக்கவில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, 1933இல் கோலன் வகைப்பாட்டை வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் நம்மவர் அல்லவா? லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது, சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் எதையும் கட்டலாம் என்ற யோசனை அவருக்குப் பிடிபட்டது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களை அவர் வகுத்தார். அவர் ஆளுமை என்றது ஒரு விஷயத்தின் மையத்தை. நான் அதை "ஆள்" என்று வசதியாக எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

முதல் முகத்திலேயே முட்டிக்கொண்டது. "சித்தப்பா" என்று டேக் போட்டேன். மனைவிக்கு அவர் சின்ன மாமனார், பையனுக்குச் சின்னத் தாத்தா, அம்மாவுக்குக் கொழுந்தனார். ஒரே மனிதர் நாலு டேக்கைத் தின்றுவிட்டார். சரி, பெயரையே போடலாம் என்றால், எங்கள் தாத்தாவின் பெயரைச் சுமப்பவர்கள் ஊரில் நான்கு பேர். பம்பாய் சுப்பையா, மில் சுப்பையா, குட்டை சுப்பையா. நாலாமவர் "அந்த" சுப்பையா. "அந்த" என்று அம்மா இழுக்கிற இழுப்பிலேயே எல்லாருக்கும் ஆள் விளங்கிவிடும். குரலை டைப் அடிக்க வழி இல்லை.

இடம், காலம் என்று நான் முறையாகப் போட்ட டேக்குகளை வீட்டில் யாரும் சீந்தவில்லை. மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, அந்த மாம்பழக் கலர் புடவை கட்டின போட்டோ எங்கே?"

"எந்த ஊர்? எந்த வருஷம்?"

"எந்த ஊரா இருந்தா என்ன? அந்தப் புடவையை 2009 தீபாவளிக்கு எடுத்தது. பொங்கலுக்கு வந்த உங்க தங்கச்சி 'நல்லா இருக்கே அண்ணி'ன்னா. அதோட சரி."

எக்ஸிஃப் கைவிட்ட இடத்தில் புடவை கை கொடுத்தது. அந்தப் படம் 2009 தீபாவளிக்கும் 2010 பொங்கலுக்கும் நடுவே எடுத்தது என்று நிரூபணமாயிற்று. ஜனவரி 1 குவியலை மனைவி முந்தானை முந்தானையாகப் பிரித்துக் கொடுத்தாள். மிச்சத்தை அம்மா பார்த்துக்கொண்டாள்: "அந்த மர பீரோ நிக்குதேடா, அப்ப அது 2015 வெள்ளத்துக்கு முன்னாடி." ஐந்து முகங்களில் புடவைக்கும் பீரோவுக்கும் தனி முகம் இல்லாதது எனக்கே ஒரு குறையாகப் பட்டது.

புதிய டேக்கைப் பெருந்தன்மையுடன் சேர்த்தேன். நடுவில் இடைவெளி விட்டால் நான் பயன்படுத்திய தளம் அதை மூன்று டேக்குகளாக வெட்டிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது: "மாம்பழக்", "கலர்", "புடவை". "மாம்பழம்" என்று தேடினால் சேலம் மாமா அனுப்பிய அட்டைப்பெட்டி வந்தது. பையன் எட்டிப் பார்த்தான். "க் போட்டாத்தான்ப்பா அம்மா வருவாங்க." வல்லினம் மிகும் இடங்களைக் கவனி என்று பத்தாம் வகுப்பில் தமிழாசிரியர் சொன்னதன் பயன் இதுதான் போலிருக்கிறது.

டேக்கின் இன்னொரு சௌகரியம், பகிர்வது. "கல்யாணம்" என்ற டேக்குக்கு ஒரு லிங்க். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டால் போதும். தட்டிவிட்டேன். படத்தோடு அதன் மற்ற டேக்குகளும் வரிசையாக அதன் கீழே தெரியும் என்பதும், அவரவரும் தங்கள் பங்குக்கு டேக் சேர்க்க நானே அனுமதி கொடுத்திருந்தேன் என்பதும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. "மொய் 101", "பந்தியில் இரண்டு தரம்", "கைமாத்து" எல்லாம் என் சொந்த ஆராய்ச்சிக்காகப் போட்டவை. வகைப்பாடு என்றால் துல்லியம் வேண்டாமா?

என் சகலை தன் படத்தின் கீழிருந்த "கைமாத்து" மீது விரல் வைத்தார். டேக்கைத் தொட்டால் அதே டேக் உள்ள மற்றப் படங்களும் வரும். கடன் வாங்கிவிட்டு மறந்தவர்கள் அத்தனை பேரும் பட்டுவேட்டியில் அணிவகுத்தார்கள். தான் தனியாள் இல்லை என்று அவருக்குப் பெரிய ஆறுதல். வரிசையின் கடைசியில் மாலையும் கழுத்துமாக என் கல்யாணப் போட்டோவும் இருந்தது. அதற்கு "கைமாத்து" போட்டது நான் அல்ல. மாமனார் சமீபத்தில்தான் ஸ்மார்ட் போன் கற்றுக்கொண்டார்.

பையன் பார்த்துப் பரிதாபப்பட்டு, எல்லாப் படத்தையும் போனில் உள்ள வேறோர் ஆப்புக்கு மாற்றினான். அது தானாகவே முகம் பார்த்து ஆட்களைப் பிரிக்கும். இப்படி முகம் பார்த்து டேக் பரிந்துரைக்கும் வேலையை, அந்தரங்கம் பற்றி எழுந்த கவலைகளால், ஃபேஸ்புக்கே 2021இல் கைவிட்டது. எங்கள் வீட்டில் அந்தரங்கம் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் போய்விட்டதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆப்புக்குச் சந்தேகம் வந்தால் இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஆளா, வேறு ஆளா என்று கேட்கும். அது கேட்ட நேரத்தில் போன் மனைவியின் கையில் இருந்தது. இடப்பக்கம் கல்யாணமான புதிதில் சுருள்முடியோடு நான். வலப்பக்கம் போன மாதத்து நான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "வேறு ஆள்" என்பதை அழுத்தினாள்.

அடுத்து, போன மாதத்து என்னையும் திருக்கடையூரில் மாலையோடு உட்கார்ந்திருந்த அப்பாவையும் காட்டி ஆப் அதே கேள்வியைக் கேட்டது. இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. போனின் கணக்குப்படி ஐம்பத்து மூன்று வயதிலேயே எனக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு, செலவு மிச்சம்" என்றாள்.