காற்றுக்கும் கப்பல் கூலி

சமையலறையை இடித்துக் கட்டுவது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியதும் பட்ஜெட் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போகும்? அரசாங்கத்தில் கணக்குப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்தவர் போட்ட மதிப்பீட்டை ஓரக்கண்ணால் பார்த்தே, “இது எப்படி வந்தது?” என்று கேட்டுப் பல நல்லவர்களின் தூக்கத்தைக் கெடுத்தவன் என்ற கீர்த்தியும் உண்டு. அதனால் என் மதிப்பீட்டை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நம்பினேன். மனைவி அரசாங்கத்தில் இல்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் இருக்கும் ஊர் இக்கலூயிட். கனடாவின் வடக்கில், பாஃபின் தீவில், நூனவுட் பிரதேசத்தின் தலைநகர். மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். பிப்ரவரியில் சராசரியே மைனஸ் 27 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். ஊருக்குள் சாலை உண்டு. ஊரை விட்டு வெளியூர் போகச் சாலை கிடையாது, ரயிலும் கிடையாது. ஒட்டாவாவிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர் பறந்து வரலாம். இல்லாவிட்டால் கடல் இளகும் கோடையில், ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை, கப்பலில் வரலாம். மனிதர்கள் விமானத்தில் வருகிறோம். அலமாரிகள் கப்பலில் வருகின்றன. இரண்டில் யார் வசதியாக வருகிறார்கள் என்பது விவாதத்துக்குரியது.

ஆகவே கடையில் எழுதியிருக்கும் விலை இங்கே ஒரு முன்னுரை மட்டும்தான். சாமான் முதலில் மாண்ட்ரியாலுக்குப் பக்கத்திலுள்ள வாலிஃபீல்ட் துறைமுகத்துக்குப் போகவேண்டும். அதற்கு லாரி வாடகை. அங்கே மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்க ஒரு கூலி. பிறகு கப்பல் கூலி. இங்கே இறங்கிய பின் வீட்டு வாசல் வரை இன்னொரு கூலி. என் தாளில் ‘விலை’ என்ற ஒரு பத்திதான் முதலில் இருந்தது. கடைசியில் பத்திகளைத் தாள் தாங்காமல் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டினேன்.

கப்பல் கூலியில் ஒரு நுட்பம் உண்டு. எடைக்கு ஒரு கணக்கு, அடைக்கும் இடத்துக்கு ஒரு கணக்கு. இரண்டில் எது பெரிதோ அதை வாங்குவார்கள். சமையலறை அலமாரி என்பது என்ன? நான்கு பலகை, நடுவே காற்று. அந்தக் காற்றையும் கியூபெக்கிலிருந்து கூலி கொடுத்துக் கொண்டுவருகிறோம். இக்கலூயிட்டில் காற்றுக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

“உள்ள அரிசியைப் போட்டு அனுப்பச் சொல்லுங்க” என்றாள் மனைவி, புரண்டு படுத்துக்கொண்டே.

அப்படியே ஆயிற்று. அலமாரிகளுக்குள் புழுங்கலரிசி, துவரம்பருப்பு, உளுந்து, புளி என்று ஒரு வருஷத்துக்கான மளிகை ஏறியது. கப்பல் கூலியில் கணிசமாக மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மளிகை பில்லைச் சமையலறைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று ஒரு சக ஊழியர் கேட்டார். அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

மிச்சம் பிடிப்பதில் எனக்கு இன்னொரு வெற்றியும் உண்டு. நூனவுட்டுக்கென்று தனி விற்பனை வரி கிடையாது. மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான். இதே சாமானைக் கியூபெக்கில் குடியிருந்து வாங்கியிருந்தால் ஏறக்குறைய 15 சதவீதம் கட்டியிருப்போம். கட்டாமல் தப்பிய அந்த 10 சதவீதத்தை வரவுப் பக்கத்தில் எழுதினேன். மனைவி தாளைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“அந்தக் காசைக் குடுங்க. டிஷ்வாஷர் வாங்கிக்கலாம்.”

எங்கள் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. லாரியில் வந்து தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அதைச் சொல்லி டிஷ்வாஷரைத் தடுத்தேன். வரவுப் பக்கத்து வரியையும் சத்தமில்லாமல் அடித்தேன்.

சின்னச் சாமான் விட்டுப்போனால் தபாலில் வரவழைக்கலாம். பெரிய சாமான் விட்டுப்போனால், அல்லது வழியில் உடைந்தால், இரண்டே வழி: விமானத்தில் கிலோ கணக்கில் அழுவது, அல்லது அடுத்த கோடை வரை காத்திருப்பது. ஊரில் ஒருவருக்குப் பக்கப் பலகை ஒன்று நிறம் மாறி வந்துவிட, ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்புக்கு அருகே அட்டைப்பெட்டியைச் செருகி வைத்திருந்தாராம். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து என் கை நிற்கவில்லை. கீல் இரண்டு மடங்கு, கைப்பிடி இரண்டு மடங்கு, டிராயர் சட்டங்கள் தாராளமாக, உபரிக் கதவுகள், உபரிக் குழாய். சிக்கனத்துக்குப் பேர்போன என் பட்ஜெட்டில் இரண்டு சமையலறைக்கான உறுப்புகள் சேர்ந்துவிட்டன.

எங்கள் ஊர் இருக்கும் வளைகுடாவில் கட்டுமானச் சாமான் பற்றிய பயத்துக்கு வரலாறே உண்டு. 1578-இல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற கடலோடி இங்கிலாந்திலிருந்து 15 கப்பல்களோடு வந்தார். நூறு பேர் குளிர்காலம் தங்க ஒரு மரவீட்டை, பிரித்த துண்டுகளாகக் கொண்டுவந்தார். ‘டென்னிஸ்’ என்ற கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. வீட்டின் ஒரு பகுதியும் அதோடு போயிற்று. குடியேற்றத் திட்டமே கைவிடப்பட்டது. தங்கம் என்று நம்பி ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லை வெட்டி ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அதில் தங்கம் இல்லை. இத்தனைக்கும் பணம் திரட்டிக் கணக்குப் பார்த்த மைக்கேல் லோக் கடனுக்காகச் சிறைக்குப் போனார். முதல் பகுதியை மட்டும் மனைவிக்குச் சொன்னேன். கணக்குப்பிள்ளையின் முடிவைச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பழிவாங்கியது புகைபோக்கி. “பெரிசா ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிடுங்க மாப்பிள்ளை, வத்தல் நெடி வீட்டுலயே நிக்கக் கூடாது” என்று கும்பகோணத்திலிருந்து மாமியார் ஃபோனில் சொன்னார். அங்கே சுவரில் ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. இங்கே வீடு காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது. பெரிய ஃபேன் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எண்ணெய்க் கணப்பின் புகைக்குழாய் வழியாக, புகையோடும் வந்துவிடலாம். ஆகவே நெடியை வெளியே தள்ள ஒரு கருவி, பதிலுக்கு வரும் மைனஸ் 30 டிகிரிக் காற்றைச் சூடாக்கி உள்ளே விட இன்னொரு கருவி. சூடாக்க மின்சாரம், மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர், டீசலும் அதே கோடையில் கப்பலில்தான் வருகிறது. ஒரு தாளிப்புக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன்.

“அப்ப தாளிக்காத ரசத்தை நீங்களே ஊத்திக்குங்க” என்றாள். இரண்டு கருவிகளுக்கும் ஒப்புதல் வழங்கப்பட்டது.

தச்சர் கியூபெக்கிலிருந்து வந்தார். கூலியோடு விமானச் சீட்டு, தங்கும் அறை. பனிப்புயலில் விமானம் ரத்தானால் அறை வாடகை மட்டும் ரத்தாகாது. தண்ணீர்ப் பெயின்டும் பசையும் வழியில் உறைந்தால் தூக்கி எறியவேண்டியதுதான். அதனால் கோடையிலேயே வரவழைத்துப் படுக்கையறையில், எங்கள் கட்டிலுக்குக் கீழே, கதகதப்பாக வைத்திருந்தோம். எங்களைவிட நன்றாகத் தூங்கின.

வேலை முடிந்தது. மதிப்பீட்டையும் செலவையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியவை என்று சத்தியம் செய்தால்கூட என் அலுவலகம் நம்பாது. மிஞ்சிய கீல்களும் சட்டங்களும் பெட்டிப் பலகையில் அடித்த அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. செய்தி ஊரில் பரவிவிட்டது. புயலில் தபால் நின்றுபோனால் கதவைத் தட்டுகிறார்கள். குழாய் ஒரு வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து, எனக்குத் தீர்ந்துபோன பசை வந்தது. டிராயர் சட்டம் வாங்கிப்போன பக்கத்து வீட்டு இனுயிட் பெரியவர், தானே பிடித்த ஆர்க்டிக் சார் மீன் ஒன்றை, கைநீளத்துக்குமேல் இருக்கும், கொண்டுவந்து கொடுத்தார்.

அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் வீட்டில் குழம்பு வைத்துவிட்டார்கள், தாளித்து, இரண்டு கருவிகளும் ஓட. தணிக்கைக்கு முள் மட்டும் இருக்கிறது.