இல்லாத ஆகாயக் கப்பலின் இலக்கணம்

1. வரையறை

கற்பனைப் பயணிகள் ஆகாயக் கப்பல் என்பது, எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பறந்திராததும், பறந்திருக்குமோ என்று பார்ப்பவரைக் கணநேரமேனும் ஐயுற வைப்பதும், பிளாஸ்டிக் கிட்களின் உதிரிப் பாகங்களால் ஆனதுமான மாதிரி. ‘கற்பனை’ என்றதனால் ஹிண்டன்பர்க் போன்ற உண்மைக் கப்பல்களின் மாதிரிகள் விலக்கப்பட்டன. ‘பயணிகள்’ என்றதனால் குண்டு வீசச் சென்றவை விலக்கப்பட்டன. ‘உதிரி’ என்றதனால், பெட்டியில் வந்த பாகங்களைப் படத்தில் உள்ளபடியே ஒட்டி முடிக்கும் நல்லொழுக்கம் விலக்கப்பட்டது. ‘ஐயுற’ என்றதனால், சோடாப் புட்டிக்கு வெள்ளிப் பூச்சு அடித்துத் தூண்டில் நரம்பில் தொங்கவிடுவது விலக்கப்பட்டது.

பல கிட்களின் பாகங்களைக் கலந்து புதிதாக ஒன்றைக் கட்டும் இக்கலைக்குக் கிட்பேஷிங் என்று பெயர். 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’, 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ ஆகிய படங்களின் விண்கலங்கள் இவ்வகையில் டாங்கி, விமானக் கிட்களின் துண்டுகளை மேலே ஒட்டி உருவானவை. ஆனால் விண்கலம் கட்டுவோர் கொடுத்துவைத்தவர்கள். அப்படி ஒன்றை நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லை. ஆகாயக் கப்பலுக்கோ புகைப்படம், வரைபடம், பயணிகளின் உணவுப் பட்டியல் வரை சாட்சியம் இருக்கிறது. இத்துறையின் கடினம் இதுவே.

2. அளவை

கட்டுமானத்தின் முதற்படி கத்தியை எடுப்பதன்று; வகுத்தல் கணக்குப் போடுவது. 1936இல் முதன்முதலாகப் பறந்த ஹிண்டன்பர்க் 245 மீட்டர் நீளமும் 41 மீட்டர் விட்டமும் உடையது. மூன்று போயிங் 747 ஜம்போக்களை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. அதே 1936இன் இறுதியில்தான் பிரிட்டனில் ஃப்ராக் பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக் விமானக் கிட்கள் 1/72 அளவையில் விற்பனைக்கு வந்தன. அந்தக் கப்பலை இந்த அளவைக்குக் குறுக்கினால் கிடைப்பது 3.4 மீட்டர். அதற்கு வேண்டியது அலமாரி அன்று, கட்டட அனுமதி. 1/144இல் அது 1.7 மீட்டர், அதாவது வீட்டில் கூடுதலாக ஓர் ஆள். 1/350இல் 70 சென்டிமீட்டர். வீட்டாரின் எதிர்ப்பு பேச்சளவில் நின்றுவிடும். போர்க்கப்பல் கிட்கள் பல இதே 1/350இல் வருவதால் ஏணியும் கைப்பிடிக் கம்பியும் படகும் அளவு மாறாமல் கிடைக்கும். ஆகவே இவ்வாய்வு 1/350ஐயே கொள்கிறது.

அளவைக்குரிய தலையாய விதி: ஒரு பாகத்தின் பெயர் அது பிறந்த பெட்டியில் இல்லை, அது சேரும் இடத்தில் இருக்கிறது. டைகர் டாங்கியின் ஓடுசக்கரம் 80 சென்டிமீட்டர். 1/35 கிட்டில் அது 2.3 சென்டிமீட்டர். அதையே 1/350 கப்பலில் ஒட்டினால் 8 மீட்டர் வட்டமாகிவிடும். அங்கே அது சக்கரமாக நீடிக்க வழியில்லை. நடன அரங்கின் கூரையாகவோ வாயு வெளியேற்றியின் மூடியாகவோ ஆக வேண்டும். இம்மாற்றத்தை மறுபிறவி எனலாம். முற்பிறவி வாசனை வெளியே தெரியாத வரையில்தான் அது செல்லும். விளிம்பில் ரப்பர் டயரின் கோடு தெரிந்தால் கூரை மீண்டும் சக்கரமாகிவிடும்.

3. உதிரிப் பெட்டி

மூலப்பொருள் நால்வகைப்படும்.

முதலாவது, பிறவி உதிரி. ஒரே அச்சிலிருந்து ஒரு விமானத்தின் பல வகைகளையும் விற்க விரும்பும் தயாரிப்பாளர்கள் இரண்டு மூக்கு, மூன்று வித ஏவுகணை, தேவைக்கு மேல் சக்கரம் என்று சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். கட்டி முடித்த பின் இவை எஞ்சும்.

இரண்டாவது, கைவிடப்பட்டவை. பாதியில் நின்ற கிட்களின் பாகங்கள் இவை. கிட் ஏன் நின்றது என்று உரிமையாளரிடம் கேட்பது முறையன்று.

மூன்றாவது, திரும்பி வந்தவை. வெட்டும்போது குறட்டின் பிடியிலிருந்து தெறித்து மறைந்து, மாற்றுப் பாகம் செய்து மாதிரியை முடித்த மறுநாள் கட்டிலுக்கடியில் அகப்படுபவை.

நான்காவது, ஸ்ப்ரூ. பாகங்களைத் தாங்கி வரும் இந்தச் சட்டத்தைப் பாமரர் குப்பையில் எறிவர். அறிந்தவர் அதன் துண்டு ஒன்றை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடித்து, இளகியதும் இரு பக்கமும் இழுத்து, மயிரிழை போன்ற கம்பியாக்கிக்கொள்வர். வானொலிக் கம்பி முதல் உடலின் நீளவாட்டு வரிகள் வரை அதிலேயே கிடைக்கும்.

இந்நான்கையும் ஒருங்கே கொட்டிப் பார்த்தால், பெட்டியில் பெரும்பங்கு ஆயுதம் என்பது புலப்படும். சந்தையில் போர் விமானக் கிட்களே மிகுதி என்பதால் இது இயல்பு. எனவே கற்பனைப் பயணிகள் கப்பல் எதுவாயினும் அதன் எரிபொருள் தொட்டி ஒரு காலத்தில் வெடிகுண்டாகவும், தண்ணீர்க் குழாய் ஏவுகணையாகவும் இருந்திருக்கும். வாளை உருக்கி ஏர்க்கொழு செய்வதை விட இது எளிது. பசை மட்டும் போதும்.

4. உடல்

கப்பலின் நீளத்தை விட்டத்தால் வகுக்க வருவது மெலிவு விகிதம். ஹிண்டன்பர்க்கிற்கு அது ஏறக்குறைய 6. அதற்கு முந்தைய கிராஃப் செப்பலினுக்கு 7.8, அதைக் கட்டிய கொட்டகைக்குள் அடங்க வேண்டியிருந்ததால் அது ஒல்லியாயிற்று. கற்பனைக் கப்பலும் இந்த எல்லைக்குள் நிற்பது நலம்.

உதிரிப் பெட்டி இதற்கு எளிதில் இணங்குவதில்லை. 1/144 ஜம்போவின் உடல் நீளமாகவும் வழவழப்பாகவும் இருந்தாலும் அதன் விகிதம் பத்துக்கு மேல். 1900இல் கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேல் பறந்த முதல் செப்பலின் விகிதமும் பதினொன்றை ஒட்டியதே. ஆகவே ஜம்போவை வைத்துக் கட்டுவோர் தம் கதையைச் சில பத்தாண்டுகள் பின்னே தள்ளிக்கொண்டால் பிழை குணமாகிவிடும். 1/350 டைஃபூன் நீர்மூழ்கியின் விகிதம் 7.5. செப்பலினுக்கு அருகில் வரும் இந்த ஒப்புமை கண்டு மயங்கலாகாது. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும். தவிர, அது அரை மீட்டர்தான் என்பதால் நடுவே வளையங்கள் செருகி நீட்ட வேண்டும்.

இங்கே இரு கட்சிகள் உண்டு. தூய்மைவாதிகள் கிட் பாகமன்றி வேறெதையும் தொடார். தாராளவாதிகள் பிவிசி குழாய், தெர்மக்கோல், சோடாப் புட்டி எதையும் ஏற்பர். இந்தப் பூசலை வேதியியல் தீர்த்துவைக்கிறது. கிட் பசை உண்மையில் பசையன்று, கரைப்பான். இரு பாலிஸ்டைரின் முகங்களைக் கரைத்து ஒன்றாக்கிவிடும். புட்டியின் பெட் பிளாஸ்டிக்கை அது ஒட்டாது. தெர்மக்கோலை ஒட்டுவதற்குப் பதில் தின்றுவிடும். தாராளவாதம் கொள்கையளவில் சரி. பசை மட்டும் தூய்மைவாதி.

5. பயணிகள்

புதியவர் செய்யும் பெரும்பிழை சன்னல்களைப் பெருக்குவது. ஆகாயக் கப்பலில் உடல் முழுவதும் வாயுவுக்கு உரியது. மனிதர்க்கு மிஞ்சுவது மூலை மட்டும். 245 மீட்டர் ஹிண்டன்பர்க் இறுதியில் 72 பயணிகளுக்கே இடம் தந்தது. ஓர் ஆளுக்கு 3.4 மீட்டர் நீளம். 1/72 அளவையில் முழுக் கப்பலின் நீளமும் இதே 3.4 மீட்டர்தான் என்பதில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாகச் சிலர் கருதலாம். 245ஐ இரண்டு தடவை 72ஆல் வகுத்திருக்கிறோம் என்பதே அத்தத்துவம்.

பயணிகள் இருக்கும் இடத்திற்கு இரு மரபுகள் உள்ளன. கிராஃப் செப்பலினில் அவர்கள் உடலுக்கு அடியில் ஒட்டிய கொண்டோலாவில் இருந்தனர். ஹிண்டன்பர்க்கில் உடலுக்குள்ளேயே இரு தளங்களில் இருந்தனர். நடைக்கூடத்தின் சன்னல்கள் வெளிப்புறம் சாய்ந்து கீழ்நோக்கியிருக்கும். முதல் மரபுக்குப் பேருந்து அல்லது இரயில் பெட்டி மாதிரிகளின் உடல் உதவும். இரண்டாவதற்குச் சன்னல் வரிசை இரண்டு வெட்டினால் போதும் என்பதால் சோம்பலர் அதையே தேர்வர்.

உள்ளலங்காரத்தில்தான் இத்துறையின் மையச் சிக்கல் வெளிப்படுகிறது. இரண்டு இலட்சம் கனமீட்டர் ஹைட்ரஜனைச் சுமந்த ஹிண்டன்பர்க்கில் புகைபிடிக்கும் அறை இருந்தது. வாயு உள்ளே கசியாதபடி அங்கே காற்றழுத்தம் சற்றுக் கூட்டப்பட்டிருந்தது. நுழைய இரட்டைக் கதவு. தீப்பெட்டிகளை ஏறும்போதே வாங்கிவைத்துக்கொள்வர். உள்ளே ஒரேயொரு மின்சாரப் பற்றவைப்பான். 1936 பயணங்களில் அலுமினியத்தால் செய்த பியானோ ஒன்றும் உடன் பறந்தது. இவ்விரண்டையும் கற்பனைக் கப்பலில் வைக்கும் மாதிரியாளர் நகைப்புக்கு ஆளாவார். நடந்த பொருள் நம்பத்தகாததாய் இருக்கலாம், நடந்தது என்ற சான்று அதைக் காக்கும். நடவாத பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே கற்பனைக் கப்பல் உண்மைக் கப்பலினும் அடக்கமாக இருத்தல் வேண்டும். பியானோ கூடாது; வேண்டுமானால் நாற்காலிகள்.

6. எந்திரமும் வாலும்

ஹிண்டன்பர்க்கின் நான்கு டீசல் எந்திரங்களும் தனித்தனிக் கூடுகளில் உடலுக்கு வெளியே இருந்தன. அவை பின்னோக்கிய உந்து விசிறிகளைச் சுழற்றின. ஒவ்வொரு விசிறியும் சுமார் 6 மீட்டர். கூட்டுக்குப் போர் விமானத்தின் வெளி எரிபொருள் தொட்டி பொருந்தும். விசிறிக்குக் கணக்கு வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான விசிறி ஏறத்தாழ 3.3 மீட்டர்; 1/72 கிட்டிலிருந்து எடுத்தால் 1/350 கப்பலில் அது 16 மீட்டராகிக் காற்றாலையின் தோற்றம் தரும். 1/144 கிட்டிலிருந்து எடுத்தால் 8 மீட்டர்; சற்றே பெரிது, ஆயினும் சண்டைக்கு வராது.

வால் சிறகுகள் நான்கு. பயணிகள் விமானத்தின் கிடைவால் இதற்கு ஏற்றது. ஆனால் ஒரு கிட்டில் அது இரண்டே இருக்கும். ஆகவே ஒரே கிட் இரண்டு வாங்க வேண்டும். உதிரிப் பாகங்களால் செலவின்றிக் கட்டுவது என்ற கொள்கை இவ்விடத்தில் சிறிது தளர்கிறது.

7. மேற்பூச்சும் பெயரும்

உண்மைக் கப்பலின் மேற்பரப்பு உலோகத் தகடன்று. துராலுமின் சட்டத்தின் மீது இழுத்துக் கட்டி, அலுமினியத் தூள் கலந்த பூச்சு ஏற்றிய பருத்தித் துணி. எனவே ஆணித்தலைகளும் தகட்டு இணைப்புக் கோடுகளும் இருத்தலாகாது. விமான உடலிலிருந்து வந்தவற்றை நிரப்புக் களிம்பால் அடைத்து உப்புத்தாளால் தேய்த்தழிக்க வேண்டும். பின்னர் இழுத்த ஸ்ப்ரூக் கம்பிகளை நீளவாட்டில் ஒட்டினால் துணிக்கடியில் சட்டம் இருப்பதாகத் தோன்றும். இறுதியில் சாம்பல் நிறப் பிரைமர். பத்துக் கிட்களின் பத்து நிறங்களும் இதில் மறைந்து முற்பிறவிகள் அனைத்தும் ஒரே பூச்சில் தீரும்.

பதிவெழுத்தும் வேண்டும். பிரிட்டனின் ஆகாயக் கப்பல்களில் ஆர் 100 ஜி-எஃப்ஏஏவி என்றும், ஆர் 101 ஜி-எஃப்ஏஏடபிள்யூ என்றும் பதிவு பெற்றன. அடுத்த எழுத்தைத் தன் கப்பலுக்குச் சூட்டும் ஆசை மாதிரியாளருக்கு எழுவது இயல்பு. விமானக் கிட்களின் மிச்ச டீக்கால் தாள்களில் அந்த எழுத்து மட்டும் தீர்ந்திருப்பதும் இயல்பே.

8. தடை விடை

தடை: இது பறக்காது. விடை: உண்மை. ஹிண்டன்பர்க்கை 1/350 ஆக்கினால் அதன் கொள்ளளவு அளவையின் கனத்தால் சுருங்கி 4.7 லிட்டராகும். அவ்வளவு ஹைட்ரஜன் சுமார் 5 கிராமைத் தூக்கும். பிரைமர் மட்டுமே அதைவிடக் கூடுதல்.

தடை: இல்லாத கப்பலுக்கு இவ்வளவு உழைப்பு வீண். விடை: இதை முதலில் செய்தவர்கள் மாதிரியாளர்கள் அல்லர். அன்றைய இந்தியாவுக்கு வரவிருந்த ஆர் 101க்காகக் கராச்சியில் மாபெரும் கொட்டகையும், வழியில் எகிப்தின் இஸ்மாயிலியாவில் கட்டுக்கம்பமும் எழுப்பப்பட்டன. கப்பல் 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சின் போவே அருகே விழுந்து 48 பேர் மாண்டனர். கராச்சிக் கொட்டகைக்குள் ஆகாயக் கப்பல் எதுவும் நுழையவேயில்லை. 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியும் ஆகாயக் கப்பல்களைக் கட்டும் கம்பம் என்றே அறிவிக்கப்பட்டது. வராத கப்பலுக்கு அரசும் முதலாளியும் எஃகில் கட்டியதைத் தனிமனிதர் பிளாஸ்டிக்கில் கட்டுவது சிக்கனமே.

9. எச்சம்

கப்பல் முடிந்ததும் உதிரிப் பெட்டியை நிறுத்துப் பார்க்க வேண்டும். கட்டுமானத்தில் செலவான பாகங்கள் ஒருபுறம்; கிடைவாலுக்காக வாங்கிய இரண்டு கிட்களின் மீதிகள் மறுபுறம். பின்னதே எப்போதும் பெரிது. ஆகவே உதிரிப் பாகங்களைக் குறைக்கும் நோக்கில் ஆகாயக் கப்பல் கட்டலாகாது. கட்டினால் பெட்டி வளரும். வாலிழந்து எஞ்சிய இரு விமான உடல்களும் அடுத்த கப்பலின் எந்திரக் கூட்டுக்கோ கொண்டோலாவுக்கோ உரியன. அவற்றைக் குப்பை என்று வீட்டார் கூறுவது வழக்கு; இலக்கணமன்று.